வெளிப்பக்கம் பூட்டிய வீடுகள்

பஹ்ரைன் குதைபியாவில் கார்மேகத்தைத் தெரியாதவன் இருக்கலாம், அவன் பூட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாதவன் இருக்க முடியாது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பெட்டியில் ஊறுகாயும் வடகமும் கட்டிக்கொண்டு வருவார்கள். இவன் திண்டுக்கல் பூட்டாக வாங்கி அடுக்கிக்கொண்டு வருவான். ஒரு தடவை பஹ்ரைன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, நீ என்ன பூட்டு வியாபாரியா என்று கேட்டுச் சிரித்துவிட்டாராம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பூட்டுகள் இருந்ததால்தான் நூர் பில்டிங்கில் இருந்த அத்தனை பேரும் ராத்திரி கண்ணை மூடித் தூங்கினார்கள்.

கார்மேகம் அந்தக் கட்டடத்துக்கு நாத்தூர். நம் ஊரில் வாட்ச்மேன் என்கிறோமே, அந்த வேலைக்கு அங்கே அப்படிப் பெயர். படிக்கட்டுக் கூட்டுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, வாடகை வாங்கிக் கொடுப்பது, சண்டை வந்தால் விலக்கிவிடுவது எல்லாம் அவன்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கட்டட வேலைக்கு வந்தவன், சாரம் சரிந்து இடது முழங்கால் போனதும் கம்பெனி ஊருக்கு அனுப்பப் பார்த்தது. நூர் பில்டிங்கின் சொந்தக்காரரான கிழட்டு அரபி, போனால் போகிறதென்று இவனை விசா மாற்றி எடுத்துக்கொண்டார். அந்தக் கிழவர் ஒரு நாளும் மாடி ஏறியதில்லை. வாடகை வந்தால் சரி, உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டதே இல்லை.

கேட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். ஒரு குடும்பத்துக்குக் கட்டிய ஃபிளாட்டில் பிளைவுட் அடித்து மூன்று குடும்பம் இருந்தது. பேச்சிலர் ஃபிளாட்டுகளில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு, இரவு டூட்டிக்காரன் எழுந்து போன சூட்டிலேயே பகல் டூட்டிக்காரன் வந்து படுப்பான். இதெல்லாம் சட்டத்துக்கு ஆகாது. பலதியாக்காரர்கள், அதாவது முனிசிபாலிட்டி ஆட்கள், எப்போதாவது தலைக்கணக்குப் பார்க்க வருவார்கள். மாட்டினால் அபராதம், சிலருக்கு விசாவிலும் கோளாறு இருக்கும், அவர்கள் நேரே விமானத்துக்குத்தான்.

அதற்குத்தான் பூட்டு. பலதியா வண்டி தெருமுனையில் தென்பட்டதும் பெட்டிக்கடைக்காரன் போன் அடிப்பான். கார்மேகம் நொண்டிக்கொண்டே நாலு மாடியும் ஏறி இறங்குவான். ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், இவன் வெளியே பூட்டைத் தொங்கவிடுவான். வாசல் செருப்பு உள்ளே போகும், பால்கனித் துணி உள்ளே போகும், ஏசி நிற்கும், அடுப்பு அணையும், குழந்தை வாயில் பிஸ்கட் போகும். குழம்பு வாசம் தெரியக் கூடாதென்று படிக்கட்டு முழுக்க ஃபினாயிலைக் கொட்டிவிடுவான். வந்தவர்கள் நாலு கதவைத் தட்டிப் பார்த்து, எல்லோரும் டூட்டிக்குப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி போனதும் சாவிக்கொத்தால் கைப்பிடிக் கம்பியில் டங் டங்கென்று தட்டுவான். அதுதான் சிக்னல். சும்மா சொல்லக்கூடாது, நூர் பில்டிங்கில் ஒருத்தன்கூட மாட்டியதில்லை. அக்கம்பக்கத்து நாத்தூர்கள் வந்து தொழில் கேட்டுப் போவார்கள். கார்மேகத்துக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவனுக்கே மறைக்க வேண்டியது ஒன்று மொட்டை மாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பழைய சாமான் போட்டுவைக்கக் கட்டிய ஒரு அறை. கட்டட வரைபடத்திலேயே இல்லாத அறை. அதில் கார்மேகமும் அவன் பெண்டாட்டி நாகவள்ளியும் குடியிருந்தார்கள்.

வளைகுடாவில் கூலி வேலைக்குப் போனவனுக்குப் பெண்டாட்டி என்பவள் போனில் வருகிற குரல். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு, ஒன்றரை மாதம் விருந்தாளி போல வீட்டில் இருப்பு, பிறகு மறுபடியும் குரல். கார்மேகத்துக்கும் கல்யாணத்துக்குப் பிறகு வெகுகாலம் அப்படித்தான் ஓடியது. பிள்ளை இல்லை. ஊரில் அதை நாகவள்ளியின் குற்றமாகச் சொன்னார்கள். சேர்ந்து இருந்தால்தானே பிள்ளை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கடைசியில் ஒரு ஏஜென்ட் மூலமாக வீட்டு வேலை விசா கிடைத்து அவளும் பஹ்ரைனுக்கே வந்து சேர்ந்தாள். ஈசா டவுனில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தர் வீடு. சின்ன வீடு, வேலைக்காரிக்குத் தனி அறை கிடையாது. சாயங்காலம் புருஷனிடம் போ, காலையில் வந்துவிடு என்று மேடம் சொல்லிவிட்டார். இப்படி ஒரு அதிர்ஷ்டம் அந்த ஊரில் ஆயிரத்தில் ஒருத்தனுக்குக்கூட அடிக்காது.

மேலே வெயில் காலத்தில் அறை அடுப்பாகக் கொதிக்கும். பழைய ஏசி ஒன்று இரைந்துகொண்டே கிடக்கும். ஆனாலும் ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். வாசலில் பெயின்ட் டின்னில் நாகவள்ளி ஒரு கருவேப்பிலைக் கன்று வைத்திருந்தாள். அந்த உப்புக்காற்றில் அது பிழைத்ததே பெரிய விஷயம். பேச்சிலர் பையன்கள் ரசம் வைக்க ஒரு கொத்து கேட்டு மேலே வருவார்கள், அவள் திட்டிக்கொண்டே கிள்ளிக் கொடுப்பாள்.

கிழட்டு அரபி இறந்துபோனதோடு வந்தது வினை. மகன்கள் கட்டடத்தை ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இரண்டாயிரத்து ஏழு அது. பஹ்ரைனில் நிலம் என்று சொன்னாலே ஆட்கள் கண்ணில் வெறி ஏறிய காலம். நூர் பில்டிங்குக்குக் கொஞ்ச தூரத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்தக் கட்டடத்தையும் பூசி மெழுகி, ஒவ்வொரு ஃபிளாட்டாகப் பணக்காரர்களுக்குச் சொந்தமாக விற்றுவிட வேண்டும் என்பது கம்பெனியின் திட்டம்.

கம்பெனி சார்பில் வந்தவர் கலீலுர் ரஹ்மான். நம் பக்கத்து ஆள்தான், கீழக்கரைக்காரர். வந்ததும் கார்மேகத்தைத் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

“விக்கிறதுன்னா இப்பவே வெளியே போங்கன்னு அர்த்தம் இல்லப்பா. அதெல்லாம் பேப்பர்ல நடக்குறது. வாங்குறவன் எங்கேயோ லண்டன்ல இருப்பான். நீங்க இருக்குற இடத்துல இருந்துக்கிட்டே இருக்கலாம்.”

“மேல இருக்க ரூமு, பாய்?”

“அதுவும்தான். உன்ன யாரு போகச் சொன்னா? ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரம் பலதியாவுலேருந்து வர்றாங்க. வழக்கமா நீ செய்வியே, அதச் செய். கொஞ்சம் நல்லாவே செய். ஒரு ஈ காக்கா இருக்குறதா தெரியக் கூடாது. மாட்டிக்கிட்டா எல்லாத்துக்கும் சேத்து சீல் வச்சிருவாங்க, அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

கார்மேகம் தலையை ஆட்டினான். இதையெல்லாம் இவர் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்றுகூட நினைத்தான். அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். இந்த முறை ஜன்னல் திரையைக் கழற்றிவிடுங்கள், கதவில் ஒட்டியிருக்கிற சாமி படம், பிறையும் நட்சத்திரமும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், டிஷ் ஆன்டெனாவை நான் பிரித்துவிடுகிறேன். இரண்டாம் மாடியில் கனகரத்தினம் என்று யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார், ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கர். மனைவி கஜானி, ஈசா டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு மகள். அவர் மட்டும் கேட்டார்.

“ஏன் தம்பி, திரையைக்கூடக் கழட்டச் சொல்லுறீர்? முந்தி இப்பிடி இல்லையே.”

“பெரிய ஆபீசருக வாராகளாம்ணே. என்னைய நம்புங்க.”

“உம்மை நம்பாமல் ஆரை நம்புறது,” என்று சொல்லிவிட்டு அவரும் ஸ்டூலைப் போட்டு ஏறித் திரையைக் கழற்றினார்.

அந்த நாள் வந்தது. நாகவள்ளியை மேடத்திடம் லீவு கேட்கச் சொல்லியிருந்தான், வேலைக்குப் போகிற வழியில் வண்டியில் வருகிறவர்கள் கண்ணில் பட்டு வைப்பானேன் என்று. அவளை உள்ளே விட்டு, இருப்பதிலேயே பெரிய பூட்டாக எடுத்து மாடி அறைக் கதவில் போட்டான். அறைக்குள் இருட்டு. ஏசி நிறுத்தியாயிற்று.

“சீக்கிரம் தெறந்து விடுங்க. வேகுது.”

“ஒரு மணி நேரம் பொறுத்துக்க புள்ள. மூச்சுக் காட்டாத.”

வந்தது வழக்கமான ஆட்கள் இல்லை. கறுப்பு அபாயா அங்கி போட்ட ஒரு பொம்பளை இன்ஜினியர், கண்ணாடி போட்டவர், முகத்தில் சிடுசிடுப்பே இல்லை. கூட ஒரு உதவியாளர், கையில் கேமரா. கலீலுர் ரஹ்மான் அரபியில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். அந்தம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், படிக்கட்டு அகலத்தை அளந்தார், கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார். உதவியாளர் ஒவ்வொரு கதவையும் பூட்டோடு சேர்த்துப் படம் எடுத்தான். இது என்ன, பூட்டையெல்லாம் படம் எடுக்கிறான் என்று கார்மேகத்துக்கு ஒரு நெருடல். ஆனால் கட்டடம் அன்றைக்கு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. குழந்தைகள் இருமக்கூட இல்லை. உள்ளுக்குள் அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

இரண்டாம் மாடியில் அந்தம்மா கலீலுர் ரஹ்மானை விட்டுவிட்டு இவன் பக்கம் திரும்பினார். உடைந்த ஹிந்தியில், இங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

“மாஃபி, மேடம். கோயி நஹி.” யாரும் இல்லை.

மூன்றாம் மாடியில் மறுபடியும் கேட்டார். பயப்படாதே, நான் யாரையும் பிடிக்க வரவில்லை, இருந்தால் அவர்களிடம் பேசத்தான் வந்திருக்கிறேன் என்றார். கார்மேகம் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். பிடிக்க வந்தவன் எவன் பிடிக்க வந்தேன் என்று சொல்லியிருக்கிறான்? சிரித்துப் பேசுகிறவனிடம்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவன் அனுபவம். “கோயி நஹி, மேடம்,” என்றான்.

மொட்டை மாடிக்கு வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆன்டெனா இல்லை, துணிக்கொடி இல்லை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெயின்ட் டின்னை மட்டும் மறந்துவிட்டான். அந்தம்மா குனிந்து கருவேப்பிலைக் கன்றைப் பார்த்தார். விரலால் மண்ணைத் தொட்டார். ஈரம். காலையில்தான் நாகவள்ளி தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

“இது யார் வளர்ப்பது?”

“நான்தான் மேடம்.”

“இந்த அறையில்?”

“பழைய சாமான்.”

அந்தம்மா கதவுக்கு முன்னால் போய் நின்று, பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கலீலுர் ரஹ்மான் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தி, அவரிடம் அரபியில் கறாராக ஏதோ சொன்னார். மூன்றாவது தடவையாகக் கேட்டார், இந்த முறை மெதுவாக, அவன் கண்ணைப் பார்த்து.

“உண்மையாகவே யாரும் இல்லையா?”

“கோயி நஹி.”

அந்தம்மா பூட்டை விட்டார். அது கதவில் மோதி நின்றது. பிறகு உதவியாளன் அரபியில் ஏதோ கேட்டான், அந்தம்மா நாலைந்து வார்த்தை சொன்னார், அவன் எழுதிக்கொண்டான், இறங்கிப் போனார்கள். கீழே கலீலுர் ரஹ்மான் இவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். கார்மேகம் சாவிக்கொத்தால் கம்பியில் தட்டினான். ஒவ்வொரு பூட்டாகத் திறக்கத் திறக்க, ஆட்கள் வேர்வையில் குளித்து வெளியே வந்தார்கள். சோலையப்பன் என்ற தையல்காரன் இவனைக் கட்டிப்பிடித்து, நீ ஆளு இல்லப்பா, குலசாமி என்றான்.

கடைசியாக மாடி அறையைத் திறந்தான். நாகவள்ளி கதவை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்து, முகம் செத்துப்போய் இருந்தது. தண்ணீர் குடி என்று சொம்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“அந்தம்மா அரபில என்ன சொன்னாகன்னு தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கு எங்க தெரியும்?”

நாகவள்ளிக்குத் தெரியும். டீச்சரம்மா வீட்டில் அவளுக்கு அரபிதான் சோறு போட்டது. புருஷன் ஹிந்தியிலும் மாஃபியிலும் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்க, இவள் நன்றாகவே பேசுவாள்.

“இதுல ஒரு குடும்பம் இருந்தாக்கூட வீட்ட இப்படிப் பிரிச்சு விக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவுகளக் கேக்காம விக்க முடியாதுன்னு சொன்னாக. இருக்கவுகளுக்கு அங்கனயே இருக்க உரிமை வாங்கிக் குடுத்துட்டுத்தான் மத்த பேச்சாம். நீங்க இல்லன்னு சொன்னதும் கூட வந்த பையன், காலி கட்டடம்னு எழுதிறவான்னு கேட்டான். நம்ம கண்ணால பாத்தது அதுதானே, எழுதுன்னுட்டாக.”

“நீ சரியாக் கேட்டியா?”

“கதவுக்கு அந்தப் பக்கம்தானே நின்னாக. மூச்சு விட்டாக் கேக்குற தூரம்.”

கார்மேகம் சொம்பைக் கீழே வைத்தான். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், அப்படியெல்லாம் இருக்காது, உனக்கு அரைகுறை அரபி, பாய் நம்ம ஆளு என்று கத்தினான். அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரும் தனித்தனித் தட்டில் சாப்பிட்டார்கள்.

மறுநாள் கலீலுர் ரஹ்மானுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. கார்மேகம் கனகரத்தினத்திடம் போய் நின்றான். அவர் கேட்டுவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன வேலை தம்பி பாத்து வச்சிருக்கிறீர்? எங்களை நாங்களே உள்ளுக்கை வைச்சுப் பூட்டி, வீட்டில ஆக்களில்லை எண்டு காட்டியிருக்கிறமெல்லே.”

“எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது.”

“சரி, அழாதையும். நான் வந்து இங்கிலீசில கதைச்சுப் பாக்கிறன்.”

இரண்டு பேரும் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனார்கள். அந்தம்மா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். கனகரத்தினம் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கார்மேகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“அவ கேக்கிறா,” என்றார் கனகரத்தினம், “அண்டைக்கு நீர் சொன்னது பொய்யோ, இண்டைக்குச் சொல்லுறது பொய்யோ எண்டு.”

“அன்னிக்குச் சொன்னதுதாண்ணே பொய்.”

அந்தம்மா பெருமூச்சு விட்டார். கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்களாம், நாத்தூர் காசு வாங்கிக்கொண்டு யாரையாவது கூட்டிவந்து குடியிருப்பதாகச் சொல்ல வைப்பான் என்று. எல்லாக் கதவிலும் பூட்டுத் தொங்குகிற படம், விற்க அனுமதி கொடுக்கிற கமிட்டி முன்னால் இருக்கிறது. ஒரே ஒரு வழிதான் பாக்கி. கமிட்டி கூடுகிற நாளில் குடியிருப்பவர்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு நேரில் வந்து, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். வந்தால் அனுமதியை நிறுத்திவிடலாம். நான் உங்களுக்காகக் காத்திருப்பேன் என்று எழுந்து வாசல்வரை வந்து அனுப்பினார்.

கார்மேகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு வீடாக ஏறினான். அன்றைக்குப் பூட்டுப் போடப் போன அதே வரிசையில் போனான்.

பேச்சிலர் ஃபிளாட்டில் அடையாள அட்டை என்றதுமே பாதிப் பேர் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டார்கள். முறையான விசா இல்லாதவன் எப்படி அட்டையைக் காட்டுவான்? இருந்தவர்களும், எங்கள் கம்பெனி எங்களுக்குத் தங்கக் கேம்ப் கொடுத்திருக்கிறது, இங்கே இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்றார்கள். குலசாமி என்று கட்டிப்பிடித்த சோலையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நீ பூட்டு போடுவ, அதுக்கு நாங்க போயி ஆபீசர் முன்னால தலையக் குடுக்கணுமா? ஒளிஞ்சே பழகிட்டோம்ப்பா. இப்பப் போயி இந்தா இருக்கேன்னு எப்படி நிக்கிறது?”

நியாயம்தான். அதைச் சொல்லித் தந்ததும் கார்மேகம்தானே.

கடைசியில் கனகரத்தினமும் சுருண்டுவிட்டார். ஹாலில் இரண்டு பையன்களை உள்வாடகைக்கு வைத்திருந்தார், சட்டப்படி அதுவும் தப்பு. கஜானி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “வீடு போனால் வேறை வீடு பாக்கலாம். இவர் உள்ளுக்குப் போனால் நான் பிள்ளையோட எங்கை போறது? இவரை விட்டிடுங்கோ அண்ணை.” கனகரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகவள்ளி மட்டும் நான் வருகிறேன் என்றாள். “மாடில இருக்கோம்னு சொல்லுவோம். நான் அரபில சொல்றேன். ஒருத்தர் போதுமே, ஒரு குடும்பம் இருந்தாலும்னுதானே அன்னிக்குச் சொன்னாக.”

“நீ மேடம் வீட்டு விசா. இங்க குடியிருக்கேன்னு உன் வாயாலயே சொன்னா, அப்புறம் ஒன்ன ஊருக்கு ஏத்திவிட்ருவாக. வேணாம்.”

“ஏத்திவிட்டா விடட்டும். இப்ப மட்டும் சேந்தா இருக்கப் போறோம்?”

“வேணாம்னா வேணாம்.”

கமிட்டி கூடிய அன்றைக்குக் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். கார்மேகம் வெளியே வந்து கதவைச் சாத்தினான். பூட்டினான். ஆமாம், பூட்டித்தான் வைத்தான். அவனும் போகவில்லை, மூன்று தடவை பொய் சொன்னவன் பேச்சை இனி எவன் நம்புவான்? சாயங்காலம் திறந்தபோது அவள் பெட்டியில் துணிகளை அடுக்கி முடித்திருந்தாள். அந்தம்மா அன்றைக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது.

அனுமதி வந்துவிட்டது. இல்லாத குடித்தனக்காரர்களுக்கு எதற்கு நோட்டீஸ்? கம்பெனி ஆட்கள் தண்ணீரை நிறுத்தினார்கள், பிறகு கரண்ட்டை நிறுத்தினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகச் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்கள். கனகரத்தினம் எங்கேயும் வாடகை கட்டுப்படியாகாமல் மனைவியையும் மகளையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டுத் தனியாளாக ஒரு கட்டில் பிடித்துக்கொண்டார். போகிறபோது சொல்லிக்கொள்ளவில்லை. நாகவள்ளியை டீச்சரம்மா சமையல்கட்டுப் பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற இடத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனுஷி, அவரால் அவ்வளவுதான் முடியும்.

கார்மேகத்தை மட்டும் கம்பெனி வைத்துக்கொண்டது. “உன் வேலைய மேல உள்ளவங்க ரொம்பப் பாராட்டுனாங்கப்பா,” என்றார் கலீலுர் ரஹ்மான், வெட்கமே இல்லாமல். கேட் பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் முடங்கிப் படுக்கிற கேபின். குடும்பம் கூடாது, விருந்தாளி கூடாது. இவனும் சரி என்றான். வேறு எங்கே போவான், அந்த முழங்காலோடு? மொட்டை மாடி அறையை இடித்தார்கள். பெயின்ட் டின் குப்பையோடு போனது. அவனுடைய திண்டுக்கல் பூட்டுகள் எல்லாக் கதவிலும் தொங்கின, இந்த முறை உள்ளே நிஜமாகவே யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நாகவள்ளி பஸ் பிடித்து வருவாள். கேட்டுக்கு வெளியே இருக்கிற குட்டைச் சுவரில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கார்மேகம் கேட்டே விட்டான்.

“அன்னிக்கு அந்தம்மா பூட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னாகள்ல. ஒனக்குத்தான் அவுக சொன்னது வெளங்குச்சே. உள்ள இருந்து ஒரு தட்டு தட்டியிருந்தா?”

நாகவள்ளி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“தட்டத்தான் கையத் தூக்குனேன். அப்பத்தான் நீங்க யாருமில்லன்னு சொன்னீக. நான் தட்டுனா நீங்க பொய்யராயிருவீக, ஒங்களக் கூட்டிட்டுப் போயிருவாக. எப்பவும் நம்மளக் காப்பாத்துற மனுசன், எதாச்சும் தெரிஞ்சுதான் சொல்லுவாருன்னு கைய எறக்கிட்டேன்.”

கார்மேகம் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டான். அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள்.

அந்த நேரம் கேட் முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கம்பெனியின் புது சூப்பர்வைசர், ஃபிளாட் பார்க்க வந்த யாரையோ கூட்டி வந்திருந்தான். கண்ணாடியை இறக்கி, சுவரில் உட்கார்ந்திருந்த நாகவள்ளியைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டான், யார் அது?

கார்மேகம் துள்ளி எழுந்தான்.

“கோயி நஹி, சாப்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் டப்பாவை மூடுகிற சத்தம் வந்தது. நாகவள்ளி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஈசா டவுன் பஸ் நிற்கிற பக்கம் நடந்து போனாள். சூப்பர்வைசர் ஹாரன் அடித்தான். கார்மேகம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனான்.